போர்ட்டிக்சன் கடலடியில் ஒரு போர்க்கப்பல்: ‘நஸ்ஸாவ்’ கப்பலின் பணி வரலாறு

1641 என்று சொன்னால் நம் மாணவர்கள் தூக்கத்திலும் பதில் சொல்வார்கள். டச்சுக்காரர்கள் ஜொகூரின் உதவியோடு போர்த்துகீசியரிடமிருந்து மலாக்காவைப் பிடித்த ஆண்டு. சரி, “அதுக்கு முன்னால டச்சுக்காரங்க எங்க இருந்தாங்க?” என்று அடுத்த கேள்வியைக் கேட்டுப் பாருங்க. வகுப்பு அமைதியாகிவிடும். ஏதோ ஒரு காலையில் திடீரென்று வந்து இறங்கி, கோட்டையைப் பிடித்துக்கொண்ட மாதிரிதான் பலர் மனதில் பதிந்திருக்கிறது.

1641-க்கு 35 ஆண்டுகளுக்கு முன்பே, 1606-இல், டச்சுக்காரர்கள் இதே ஜொகூரோடு கைகோத்து மலாக்காவைப் பிடிக்கப் பார்த்தார்கள். முடியவில்லை. அந்த முயற்சியில் மூழ்கிய கப்பல்கள் வேறு எங்கோ தூர தேசத்தில் கிடக்கவில்லை. நம் நெகிரி செம்பிலான் கரைக்கு எதிரே, போர்ட்டிக்சனுக்கு அப்பால் கடலடியில் கிடக்கின்றன. சுவா பெத்தோங், தானா மேரா பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் எத்தனை தடவை அந்தக் கடலில் குளித்திருப்பார்கள்! பள்ளி விடுமுறைக்கு லோரி ஏறிப் போய் ஆட்டம் போட்ட அதே கடல்தான். “நம்ம தோட்டத்துப் பக்கம் என்ன சார் வரலாறு இருக்கு?” என்று கேட்கும் மாணவனுக்கு இந்தக் கட்டுரையைப் படிக்கக் கொடுங்கள்.

மூழ்கிய கப்பல்களில் ஒன்றின் பெயர் ‘நஸ்ஸாவ்’. அதன் பணி வரலாற்றை, அதாவது எப்போது புறப்பட்டது, எங்கே போனது, எதற்காகப் போரிட்டது, எப்படி முடிந்தது என்பதை வரிசையாகப் பார்ப்போம். ஒரே ஒரு கப்பலைப் பின்தொடர்ந்து போனால், பாடநூலில் தனித்தனியாகக் கிடக்கும் பல பெயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

முதலில் அந்தப் பெயர். அக்காலத்தில் டச்சுக்காரர்கள் ஸ்பெயின் மன்னருக்கு எதிராகக் கலகம் செய்து, தனி நாடாகப் போராடிக்கொண்டிருந்தார்கள். 1568-இல் தொடங்கிய அந்தப் போர் 1648 வரை, 80 ஆண்டுகள் நீடித்தது. போரை நடத்திய தலைவர்களின் குடும்பம் ஓரஞ்சு-நஸ்ஸாவ் குடும்பம். ஆகவே அவர்கள் கட்டிய கப்பல்களுக்கு ‘ஓரஞ்சு’, ‘நஸ்ஸாவ்’, ‘மொரிஷியஸ்’ என்று அந்தக் குடும்பப் பெயர்களையே வைத்தார்கள். இன்று தமிழர்கள் வாழும் மொரிஷியஸ் தீவுக்குக்கூட அந்தக் குடும்பத்து இளவரசர் மோரிஸ் பெயரைத்தான் 1598-இல் டச்சு மாலுமிகள் சூட்டினார்கள்.

அப்படியானால் ஸ்பெயினோடு சண்டை போடுபவர்கள் மலாக்காவில் போர்த்துகீசியரை ஏன் தாக்கவேண்டும்? மாணவர்கள் தடுமாறும் இடம் இது, கொஞ்சம் நின்று விளக்குங்கள். 1580 முதல் 1640 வரை போர்த்துகலுக்கும் ஸ்பெயினுக்கும் ஒரே மன்னர். எனவே டச்சுக்காரர்களுக்கு ஸ்பெயின் எதிரி என்றால் போர்த்துகலும் எதிரி. அதோடு மிளகு, கிராம்பு, சாதிக்காய் வியாபாரத்தின் வழியில் காவல் நின்றது போர்த்துகீசிய மலாக்கா. பகையும் பணமும் ஒரே திசையைக் காட்டின.

1602-இல் டச்சுக்காரர்கள் ஒன்றுபட்ட கிழக்கிந்தியக் கம்பெனியை ஆரம்பித்தார்கள். டச்சு மொழியில் அதன் சுருக்கம் வி.ஓ.சி. (நமக்கு உடனே வ.உ.சி. ஞாபகம் வரும். அவரும் கப்பல் கம்பெனிதான் ஆரம்பித்தார், ஆனால் 1906-இல், இன்னொரு கம்பெனியின் ஆதிக்கத்தை எதிர்த்து. மாணவர்களிடம் இதைச் சொன்னால் இரண்டு ஆண்டுகளும் மறக்காது.) வி.ஓ.சி. வெறும் வியாபாரக் கம்பெனி இல்லை. கோட்டை கட்டலாம், ஒப்பந்தம் போடலாம், போர் செய்யலாம் என்று அரசாங்கமே அதற்கு உரிமை கொடுத்திருந்தது.

ஆகவே ‘நஸ்ஸாவ்’ போர்க்கப்பலா, வணிகக் கப்பலா என்று யாராவது கேட்டால், இரண்டும்தான் என்பதே சரியான பதில். பீரங்கிகளும் உண்டு, சரக்கு ஏற்றும் அறையும் உண்டு. போகும்போது சண்டை, திரும்பும்போது மிளகு. போருக்கென்றே தனியாகக் கட்டிய கப்பல், வணிகத்துக்கென்றே தனியாகக் கட்டிய கப்பல் என்ற தெளிவான பிரிவு இந்தக் கடல்களில் அப்போது இன்னும் வரவில்லை.

1605 மே 12. நெதர்லாந்தின் டெக்சல் தீவை ஒட்டிய துறையிலிருந்து 11 கப்பல்கள் புறப்பட்டன. தலைவர் கொர்னேலிஸ் மாட்டலீஃப். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள். தலைமைக் கப்பலான ‘ஓரஞ்சு’ சுமார் 700 டன். நம்முடைய ‘நஸ்ஸாவ்’ சுமார் 320 டன், பாதிக்கும் குறைவு. கூட்டத்திலேயே சிறிய கப்பல்களில் ஒன்று. இதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பாய்மரக் கப்பலுக்கு எஞ்சின் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதன் பொருள் என்ன என்பதை மாணவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். காற்று இல்லையென்றால் நின்ற இடத்திலேயே நிற்கவேண்டியதுதான். குடிநீர் பீப்பாய்க்குள் கெட்டுப்போகும். காய்கறியும் பழமும் இல்லாமல் பல மாதம் போனால் ஈறு வீங்கும், பல் ஆடும், பழைய காயம்கூடத் திரும்பத் திறந்துகொள்ளும். ஸ்கர்வி நோய் அது. அந்தக் காலத்து நீண்ட கடற்பயணங்களில் பகைவனின் குண்டைவிட நோயே அதிகம் பேரைக் கொன்றது.

1606 ஜனவரியில் கூட்டம் மொரிஷியஸ் தீவை அடைந்தது. அங்கே, ஊர் திரும்பிக்கொண்டிருந்த இன்னொரு டச்சுத் தளபதியான ஸ்டீவன் வான் டர் ஹாகனைச் சந்தித்தார்கள். அவர் அதற்கு முந்தைய ஆண்டுதான் அம்போன் தீவில் போர்த்துகீசியர் கோட்டையைப் பிடித்திருந்தார். நல்ல செய்திதான். ஆனால் அம்போனில் இருந்தது சிறு கோட்டை. மலாக்காவில் இருந்தது ஃபமோசா. 1511-இல் அல்புகர்க் நகரைப் பிடித்த கையோடு கட்டத் தொடங்கியது.

1606 ஏப்ரல் 30-ஆம் நாள் மாட்டலீஃப் மலாக்காவுக்கு முன்னால் நங்கூரம் போட்டார். புறப்பட்டுக் கிட்டத்தட்ட ஓர் ஆண்டு. நம்மவர்கள் நாகப்பட்டினத்தில் நீராவிக் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்க ஒரு வாரம் பத்து நாள் ஆனதையே வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இது அதைப்போல முப்பது நாற்பது மடங்கு.

மே 17-இல் ஜொகூரோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜொகூர் சுல்தானின் தம்பி ராஜா போங்சு இதில் முக்கியமானவர். பின்னாளில் சுல்தான் அப்துல்லா மஅயாட் ஷா என்ற பெயரில் ஆட்சிக்கு வந்தவர். ஒப்பந்தத்தின் சாரம் இதுதான்: மலாக்காவைப் பிடித்தால் மதிலுக்கு உள்ளே இருக்கும் நகரம் டச்சுக்காரர்களுக்கு, சுற்றியுள்ள நிலம் ஜொகூருக்கு. இந்த ஒரு வரியை மாணவர்களிடம் கொடுத்து, “நீங்க ஜொகூர் மந்திரியா இருந்தா கையெழுத்துப் போடுவீங்களா?” என்று கேளுங்கள். தாத்தா ஆண்ட நகரத்தைத் தானே திரும்பப் பெறமுடியாது, இன்னொருவனுக்கு எடுத்துக்கொடுக்கத்தான் முடியும் என்ற நிலை. ஆனாலும் போர்த்துகீசியர் ஜொகூரின் தலைநகர்களைப் பலமுறை எரித்தவர்கள். அவர்கள் போனால் போதும் என்ற கணக்கும் இருந்தது. வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடும், விட்டுவிடுங்க.

முற்றுகை மே மாதத்திலிருந்து ஆகஸ்டு நடுவரை இழுத்தது. உள்ளே போர்த்துகீசியத் தலைவர் அந்திரே ஃபுர்த்தாதோ டி மென்டோன்சா. அவரிடம் படை குறைவு. ஆனால் மதில் உறுதியாக இருந்தது, அவரும் உறுதியாக இருந்தார். வெளியே டச்சு ஆட்கள் வெயிலிலும் மழையிலும் பீரங்கிக்கு மேடை கட்டி, காய்ச்சல் வந்து விழுந்தார்கள். ஜொகூர்ப் படைகள் போதுமான உதவி செய்யவில்லை என்று மாட்டலீஃப் தம் பயணக் குறிப்பில் குறைபட்டுக்கொள்கிறார். இங்கே ஆசிரியர்கள் கவனிக்கவேண்டும்: நமக்கு இந்தப் போரைப் பற்றிக் கிடைப்பதில் பெரும்பகுதி மாட்டலீஃப் எழுதியதும் போர்த்துகீசியர் எழுதியதும்தான். ஜொகூர்க்காரர் ஒருவர் நாட்குறிப்பு எழுதியிருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும். “வெளிநாட்டான் கோட்டையைப் பிடிக்க என் ஆள் ஏன் சாகணும்?” என்று எழுதியிருக்கலாம்.

மதிலுக்கு வெளியே வடக்குப் பக்கம் இருந்த குடியிருப்புகளில் ஒன்று கம்போங் கிளிங். சோழமண்டலக் கரையிலிருந்து போன வணிகர்கள் வாழ்ந்த இடம். எரேடியா என்பவர் 1613-இல் வரைந்த மலாக்கா வரைபடத்தில் அந்தப் பெயர் இருக்கிறது. முற்றுகை என்றால் முதலில் அடி விழுவது மதிலுக்கு வெளியே இருப்பவர்கள் மீதுதான். இந்தப் போரைப் பாடமாக நடத்தும்போது ‘போர்த்துகீசியர், டச்சு, ஜொகூர்’ என்று மூன்றோடு நிறுத்திவிடாமல், துணி மூட்டையோடு நடுவில் மாட்டிக்கொண்ட நம்மவர்களையும் ஒரு வார்த்தை சொல்லலாம்.

இதற்கிடையில் கோவாவிலிருந்து போர்த்துகீசிய வைஸ்ராய் மார்த்தின் அஃபோன்சோ டி காஸ்த்ரோ பெரிய கப்பற்படையோடு கிளம்பியிருந்தார். நேரே மலாக்காவுக்கு வராமல் வழியில் அச்சேயைத் தாக்கினார். அங்கே நல்ல அடி. அந்தச் சண்டையில் பேர் வாங்கிய ஓர் இளைஞர்தான் அடுத்த ஆண்டு சுல்தானானவர்: இஸ்கந்தர் மூடா. உங்கள் பாடநூலில் வரும் அதே இஸ்கந்தர் மூடாதான். அச்சேயில் தாமதமான வைஸ்ராய் ஆகஸ்டில்தான் மலாக்காவை நெருங்கினார். சுமார் இருபது கப்பல்கள். மாட்டலீஃப் உடனே கரையில் இறக்கியிருந்த பீரங்கிகளையும் ஆட்களையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு, முற்றுகையை விட்டுவிட்டுக் கடலில் எதிர்கொள்ளக் கிளம்பினார்.

இரண்டு படைகளும் சந்தித்த இடம் தஞ்சோங் துவான். போர்த்துகீசியர் அதைக் காபோ ரசாடோ என்றார்கள். ஆங்கிலத்தில் கேப் ரசாடோ. போர்ட்டிக்சன் கடற்கரையிலிருந்து தெற்கே பார்த்தால் கலங்கரை விளக்கோடு காடு மூடிய ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்குமே, அதுதான். நெகிரி செம்பிலானால் சூழப்பட்டிருந்தாலும் அந்தத் துண்டு நிலம் இன்றும் மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்தது. புதிர்ப் போட்டிக்கு நல்ல கேள்வி! ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்தில் சுமத்ராவிலிருந்து வடக்கே திரும்பும் பருந்துகளும் கழுகுகளும் நீரிணையைத் தாண்டி முதலில் வந்து சேர்வதும் இங்கேதான். நீரிணை இங்கே குறுகலாக இருப்பதே காரணம். பறவைக்கு வசதியான அதே குறுகல், கப்பலை மறிப்பவனுக்கும் வசதி.

1606 ஆகஸ்டு 16 முதல் 18 வரை சண்டை. இதைப் புரிந்துகொள்ள இரண்டு விஷயம் தெரியவேண்டும்.

ஒன்று, காற்று. தோட்டத்தில் மருந்து அடிப்பவர்களைக் கேளுங்க, காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்றுதான் அடிப்பார்கள். எதிர்க்காற்றில் அடித்தால் மருந்து நம் முகத்திலேயே வந்து விழும். பாய்மரக் கப்பல் சண்டையும் அப்படித்தான். காற்று வரும் பக்கத்தில் இருப்பவன் நினைத்த நேரத்தில் எதிரி மீது இறங்கலாம். அவனுடைய பீரங்கிப் புகைகூட எதிரியின் கண்ணை நோக்கித்தான் போகும். காற்றுக்குக் கீழே இருப்பவன் காத்திருக்கவேண்டியதுதான். நம் நீரிணையில் காற்று நிலையாக அடிக்காது. இரவில் கரைக்காற்று, பகலில் கடற்காற்று, நடுவில் சுமத்ரா பக்கமிருந்து திடீர்ப் புயல். காலையில் சாதகமாக இருந்தது மதியம் மாறிவிடும்.

இரண்டு, சண்டை போடும் முறை. போர்த்துகீசியரின் கேலியன் கப்பல்கள் உயரமானவை, நிறைய வீரர்களைச் சுமந்தவை. எதிரிக் கப்பலோடு ஒட்டி, கொக்கி போட்டு, மேலேயிருந்து குதித்துக் கைகலப்பில் பிடிப்பது அவர்கள் பாணி. டச்சுக்காரர்களோ தள்ளி நின்று பீரங்கியால் அடிக்கவே விரும்பினார்கள். ஆக, ஒருவன் கிட்டே வரப் பார்க்கிறான், மற்றவன் எட்டி நிற்கப் பார்க்கிறான். எட்டி நிற்கும் உரிமை யாருக்கு என்பதைக் காற்றுதான் முடிவு செய்யும்.

முதல் நாட்களில் தூரத்திலிருந்து பீரங்கிச் சண்டை. 18-ஆம் தேதி காற்று போர்த்துகீசியருக்குச் சாதகமாக மாறியது. மற்றவர்களிடமிருந்து விலகி நின்ற ‘நஸ்ஸாவ்’ தனியாக மாட்டிக்கொண்டது. சிறிய கப்பல் என்று சொன்னேனே, உயரமான கேலியன்கள் அதை நெருங்கி ஒட்டிக்கொண்டன. மாட்டலீஃப் ‘ஓரஞ்சு’ கப்பலைத் திருப்பி உதவிக்கு வரப் பார்த்தார். திரும்பும் அவசரத்தில் அது தன் சொந்தக் கூட்டத்துக் கப்பலான ‘மிடில்பர்க்’ மீதே மோதி, கயிறும் பாயும் சிக்கிக்கொண்டன. அவர்கள் சிக்கலைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே ‘நஸ்ஸாவ்’ தீப்பற்றி எரிந்தது. மரம், தார், பாய்த்துணி, வெடிமருந்து. இதில் தீ பிடிக்காத பொருள் எது?

‘மிடில்பர்க்’கும் தப்பவில்லை. அதோடு ஒட்டிச் சண்டையிட்ட போர்த்துகீசியக் கப்பல்கள் இரண்டும், ‘சாவோ சல்வடோர்’ ஒன்று, தோம் துவார்த்தே டி குவேரா தலைமை தாங்கிய கேலியன் மற்றொன்று, அதோடு சேர்ந்தே எரிந்து மூழ்கின. ஆக இரு தரப்பிலும் இரண்டிரண்டு கப்பல்கள். டச்சுப் பக்கம் மட்டும் சுமார் 150 பேர் செத்தார்கள், போர்த்துகீசியர் பக்கம் அதைவிட அதிகம். மாட்டலீஃப் மிச்சமிருந்த 9 கப்பல்களோடு ஜொகூர் ஆற்றுக்குப் பின்வாங்கினார்.

இதோடு ‘நஸ்ஸாவ்’ கப்பலின் பணி முடிந்தது. டெக்சலிலிருந்து புறப்பட்டுப் பதினைந்து மாதம். ஒரு மிளகு மூட்டையைக்கூட அது ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

யார் வென்றது? வழிகாட்டி நூல்களில் ஒரே வரியில் பதில் எழுதியிருப்பார்கள். நம்பாதீர்கள். ஆகஸ்டில் போர்த்துகீசியர் வென்றார்கள் என்றே சொல்லவேண்டும். கப்பல் எண்ணிக்கை சமம் என்றாலும் முற்றுகை கலைந்தது, மலாக்கா தப்பியது. ஆனால் மாட்டலீஃப் ஜொகூரில் கப்பல்களைப் பழுதுபார்த்துக்கொண்டு அக்டோபரில் திரும்பி வந்தார். அதற்குள் வைஸ்ராய் தம் படையில் ஒரு பகுதியை வேறு வேலைக்கு அனுப்பியிருந்தார். மலாக்காவுக்கு முன்னால் நின்ற கப்பல்களில் பெரும்பாலானவற்றை அக்டோபர் 22-இல் தொடங்கிய சண்டையில் டச்சுக்காரர்கள் அழித்தார்கள். வைஸ்ராய் அடுத்த ஆண்டு மலாக்காவிலேயே இறந்துபோனார். நகரம் போர்த்துகீசியரிடமே இருந்தது, ஆனால் அவர்களின் கடல்பலம் நொறுங்கிப்போனது.

இப்போது 1641-க்கு வருவோம். அதே டச்சு, அதே ஜொகூர், அதே கோட்டை. 1606-இல் முடியாதது அப்போது ஏன் முடிந்தது? ‘நஸ்ஸாவ்’ கதை தெரிந்தவனுக்கு இந்த உயர்நிலைச் சிந்தனைக் கேள்வி சுலபம். 1606-இல் மாட்டலீஃபுக்குப் பக்கத்தில் சொந்தத் தளம் இல்லை, பழுதுபார்க்க ஜொகூர் ஆற்றுக்குத்தான் ஓடவேண்டியிருந்தது. 1619-க்குப் பிறகு டச்சுக்காரர்களிடம் பத்தாவியா இருந்தது. 1606-இல் கோவாவிலிருந்து உதவிப் படை வந்து முற்றுகையைக் கலைத்தது. 1636 முதல் டச்சுக் கப்பல்கள் கோவாவின் வாயிலிலேயே வந்து நின்று மறித்ததால் 1640-இல் அந்த உதவி வரவில்லை. இன்னொரு பெரிய சக்தியான அச்சே 1629-இல் மலாக்காவைத் தாக்கப் போய்த் தன் கப்பற்படையை இழந்திருந்தது. பணத்துக்கும் வழி பிறந்திருந்தது: 1610-இல் நம்ம பழவேற்காட்டில் காலூன்றிய டச்சுக்காரர்கள், சோழமண்டலத் துணியைக் கொடுத்து நறுமணப் பொருள் வாங்கினார்கள். பழவேற்காட்டில் வெடிமருந்தும் செய்தார்கள். இந்தக் காரணங்களில் எதையாவது மூன்றை எடுத்து, ஒவ்வொன்றையும் ‘1606-இல் இப்படி, 1641-இல் அப்படி’ என்று ஒப்பிட்டு எழுதுங்கள். வெறும் பட்டியல் போடுகிறவனைவிட உங்களுக்குப் புள்ளி கூடக் கிடைக்கும்.

கப்பலுக்குத் திரும்புவோம். கிட்டத்தட்ட நானூறு ஆண்டுகள் ‘நஸ்ஸாவ்’ போர்ட்டிக்சனுக்கு எதிரே உள்ள பாம்பெக் மேட்டுப் பகுதியில் கிடந்தது. ஆழம் முப்பது மீட்டருக்கும் குறைவுதான், நன்றாக வளர்ந்த ஒரு பழைய பால்மரத்தின் உயரம். ஆனால் நீரோட்டம் கடுமை, தண்ணீர் கலங்கல். 1995-இல் மலேசிய அரும்பொருளகத் துறையோடு சேர்ந்து ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கடல் தொல்லியலாளர் மென்சன் பவுண்டின் குழு அதை அகழ்ந்தது. பீரங்கிகள், குண்டுகள், வெள்ளி நாணயங்கள், ஐரோப்பியக் கல்மண் ஜாடிகள் என்று பல பொருட்கள் மேலே வந்தன. வெப்பக் கடலில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தைக் கப்பற்புழு அரித்துவிடும். சேற்றுக்குள் புதைந்த பகுதிதான் காற்றுப்படாமல் மிஞ்சும். அதனால்தான் மூழ்கிய மரக்கப்பல் பெரும்பாலும் முழுக்கப்பலாகக் கிடைக்காது, அதன் அடிப்பகுதியும் அதில் இருந்த சாமான்களும்தான் கிடைக்கும்.

எரியாமலும் மூழ்காமலும் தப்பினால் ஒரு மரப் போர்க்கப்பல் எவ்வளவு காலம் பணியில் இருக்கும்? ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கப்பலைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதன் பெயரே நம்ம ஊர்ப் பெயர். பிரிட்டிஷ் கடற்படையின் ‘டிரிங்கோமலி’, அதாவது திருகோணமலை. நெப்போலியன் போர்களால் இங்கிலாந்தில் ஓக் மரம் பற்றாக்குறையானபோது, பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டச் சொன்னார்கள். வரைபடங்களை ஏற்றிவந்த ‘ஜாவா’ என்ற கப்பலை 1812-இல் அமெரிக்கக் கப்பல் ஒன்று அழித்துவிட, வேலை தாமதமானது. பார்சி தலைமைத் தச்சர் ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியா அடிமரத்தில் ஒரு வெள்ளி ஆணி அடித்துக் கட்டுமானத்தைத் தொடங்கினார். 1817 அக்டோபர் 12-இல் கப்பல் தண்ணீரில் இறங்கியது. போகிற வழியில் திருகோணமலையிலேயே நின்றுவிட்டு, 1819 ஏப்ரலில் போர்ட்ஸ்மத் சேர்ந்தது. அதற்குள் நெப்போலியன் போர் முடிந்து நாலு வருஷம்!

ஆகவே 1845 வரை சும்மா கட்டிவைத்திருந்தார்கள். பிறகு 1847 முதல் 1850 வரை வட அமெரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் பக்கம் ஒரு பணி. 1852 முதல் 1857 வரை பசிபிக் கடலில் ஒரு பணி. அப்புறம் பயிற்சிக் கப்பல். 1897-இல் உடைப்பதற்கு விற்றார்கள். கடைசி நேரத்தில் ஒருவர் வாங்கி, பெயரை மாற்றி, இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் கப்பலாக 1986 வரை ஓட்டினார்கள். 1987-இல் ஹார்ட்டில்பூல் என்ற ஊருக்குக் கொண்டுபோய்ப் புதுப்பிக்கத் தொடங்கி, 2001-இல் முடித்தார்கள். பழைய பெயரும் திரும்பக் கிடைத்தது. இன்றும் அங்கே தண்ணீரில் மிதக்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தும் பெரிய கடற்போர் எதையும் அது பார்க்கவில்லை. ‘நஸ்ஸாவ்’வோ பதினைந்து மாதத்தில் முடிந்தது.

தமிழ்மொழிப் பாடத்துக்கும் இதில் கொஞ்சம் சரக்கு இருக்கிறது. கடல், கப்பல் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் நம் மாணவர்கள் ‘கப்பலின் முன்பக்கம், பின்பக்கம்’ என்றே எழுதுகிறார்கள். முன்பக்கத்துக்கு அணியம், பின்பக்கத்துக்கு அமரம் என்று நல்ல சொற்கள் உண்டு. பாயைக் கட்டும் குறுக்குமரத்துக்குப் பருமல். அடிமரத்துக்கு ஏரா. கிழக்குக் காற்று கொண்டல், வடக்குக் காற்று வாடை, தெற்கிலிருந்து வருவது சோழகம், மேற்கிலிருந்து வருவது கச்சான். தமிழ்நாட்டுக் கடற்கரையிலும் யாழ்ப்பாணத்திலும் மீனவர்கள் புழங்கும் சொற்கள் இவை. அளவோடு இரண்டு மூன்றைச் சரியான இடத்தில் போட்டால் போதும், எல்லாவற்றையும் ஒரே பத்தியில் கொட்டவேண்டாம்.

மாட்டலீஃபின் குறிப்புகளும் கடிதங்களும் வேண்டும் என்கிற எஸ்.டி.பி.எம். மாணவர்கள், பீட்டர் போர்ஷ்பெர்க் பதிப்பித்துச் சிங்கப்பூரில் வெளியான ஆங்கில நூலை நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

மற்றவர்களுக்கு லுக்குட் அரும்பொருளகம் போதும். போர்ட்டிக்சன் போகிற வழியில், ராஜா ஜுமாட் கட்டிய லுக்குட் கோட்டைக்கு அடிவாரத்திலேயே இருக்கிறது. ‘நஸ்ஸாவ்’விலிருந்து எடுத்த பொருட்களில் ஒரு பகுதி அங்கேதான் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. மாணவர்களை அழைத்துப் போகும் ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை: போய் இறங்கியதும் விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். ஆளுக்கு ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, “இது ஏன் கப்பலில் இருந்தது, யார் கையில் இருந்தது, 1606 ஆகஸ்டு 18 காலையில் இது எங்கே கிடந்திருக்கும்?” என்ற மூன்று கேள்விக்கு அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். பீரங்கியை எல்லோரும் எடுப்பார்கள். ஜாடியை எடுக்கிற பிள்ளையின் தாளை முதலில் வாங்கிப் படியுங்கள்.